பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கு யார் வாத்தியார்?

கோயமுத்தூர் அவினாசி ரோட்டில் கோல்ட்வின்ஸ் தொடங்கி உப்பிலிபாளையம் வரைக்கும் 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மேம்பாலம். 2025 அக்டோபரில் திறந்தார்கள். பாலத்தின் பெயர் ஜி.டி.நாயுடு மேம்பாலம். அதுக்குக் கீழே பீளமேடு பக்கம் காலையில் எட்டரை மணிக்குப் போய்ப் பாருங்கள். கழுத்தில் ஐ.டி. கார்டு, தோளில் பை, கையில் ரெக்கார்ட் நோட்டு என்று ஊரே காலேஜுக்குப் போய்க்கொண்டிருக்கும். இன்ஜினியரிங், ஆர்ட்ஸ், மெடிக்கல் எல்லாமே அந்த ஒரே ரோட்டில் இருக்கிறது. ஆனால் பாலம் யார் பெயரில் இருக்கிறதோ, அவர் பள்ளிக்கூடம் போனது மூணாங்கிளாஸ் வரைக்கும்தான்.

இதைச் சொன்னால் ரெண்டு விதமான ஆட்கள் உடனே சண்டைக்கு வருவார்கள். "பாத்தீங்களா, படிப்பே வேண்டாம்!" என்பார் ஒருத்தர். "அவரு ஜீனியஸுங்க, உங்க பையனும் என் பையனும் ஜீனியஸா?" என்பார் இன்னொருத்தர். ரெண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத்தான் இங்கே பார்க்கணும்.

வீட்டுக்கல்வி என்று ஒன்று இருக்கிறது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல், அப்பா அம்மாவே வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுப்பது. அமெரிக்காவில் லட்சக்கணக்கான பிள்ளைகள் இப்படிப் படிக்கிறார்கள். ஜெர்மனியில் இதே காரியத்தைச் செய்தால் அபராதம், கோர்ட், கேஸ். நம் நாட்டில் ரெண்டுக்கும் நடுவில் ஒரு மாதிரியான நிலைமை. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காவிட்டால் பெற்றோருக்கு என்ன தண்டனை என்று சொல்லவில்லை. வீட்டுக்கல்வி என்ற பேச்சையே அது எடுக்கவில்லை. அனுமதி இல்லை, தண்டனையும் இல்லை.

சரி, அப்படிப்பட்ட ஒரு வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகும்? பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காலை ஏழரைக்கு மஞ்சள் நிற ஸ்கூல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போகும். இந்த வீட்டில் யாரும் ஓடிப் போய் ஏற மாட்டார்கள். பத்து வயசுப் பிள்ளை தாத்தாவோடு தென்னந்தோப்பில் இருக்கும். தாத்தா புதுசாக ஒரு ஏக்கர் நடப் போகிறார். 25 அடிக்கு 25 அடி இடைவெளி. எத்தனை குழி தோண்டணும்?

பிள்ளை நோட்டை எடுக்கிறது. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ஒரு மரத்துக்கு 25 பெருக்கல் 25, அதாவது 625 சதுர அடி. வகுத்தால் 69.696. "தாத்தா, அறுபத்தொன்பதே முக்கால் மரம் எப்படி நடறது?" அதற்குத் தாத்தா, "எழுபது கன்னு வாங்கோணும் சாமி, ரெண்டு கன்னு சேத்தியே வாங்கு, பட்டுப் போனா மாத்தறதுக்கு" என்பார். பரப்பளவு, வகுத்தல், முழுமையாக்குதல் மூன்றும் அரை மணி நேரத்தில் முடிந்தது. ரெண்டு கன்று சேர்த்து வாங்குவது மட்டும் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இருக்காது.

பத்து மணிக்கு அம்மாவோடு தமிழும் இங்கிலீஷும். மத்தியானம் சமையலறையில் ஒரு கேள்வி வரும். சித்திரையில் இட்லி மாவு ராத்திரியே பொங்கி வழிகிறது, மார்கழியில் காலையில்கூட அப்படியே கிடக்கிறது, ஏன்? அம்மாவுக்குப் பதில் பாதி தெரியும். மீதியை ரெண்டு பேரும் சேர்ந்து தேடுவார்கள். வாரத்தில் ஒரு நாள் கோயமுத்தூர். ஆர்.எஸ்.புரம் கௌலி பிரவுன் ரோட்டில் மாவட்ட மைய நூலகம். அதே ரோட்டில் 1902-ல் ஆரம்பித்த காஸ் வன அருங்காட்சியகம். வேளாண் பல்கலைக்கழகத்தில் 2018-ல் திறந்த பூச்சி அருங்காட்சியகம். ஸ்கூல் பிள்ளைகள் வருஷத்துக்கு ஒரு தடவை எக்ஸ்கர்ஷனாக வரிசையில் நின்று பார்க்கும் இடத்தில் இந்தப் பிள்ளை ஒரே வண்டு முன்னால் முக்கால் மணி நேரம் நிற்கலாம். யாரும் "லைன்ல வா" என்று அதட்ட மாட்டார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால் தெரியும் சேதி.

"எத்தனாவது படிக்கறே கண்ணு?"

"ஸ்கூலுக்குப் போறதில்லீங்க பெரியம்மா. வீட்லயே படிக்கறேனுங்க."

"ஏஞ்சாமி, எந்த ஸ்கூல்லயும் சேத்துக்கலையா?"

அதோடு அம்மாவைப் பார்த்து ஒரு பார்வை. அந்தப் பார்வைக்குப் பின்னால் இருக்கிற கேள்வி நியாயமானதுதான். நாளைக்கு யார் வேலை கொடுப்பார்கள்? சர்ட்டிபிகேட்டுக்கு எங்கே போவது?

அதற்கு வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் பன்னிரண்டரை வயது முடிந்தால் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 1989-ல் தொடங்கியது. அதில் 14 வயதில் பத்தாம் வகுப்புக்கும், 15 வயதில் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பதிவு செய்யலாம். எல்லாப் பாடத்தையும் ஒரே தடவையில் எழுதணும் என்று இல்லை. ஒவ்வொன்றாக எழுதி ஐந்து வருஷத்துக்குள் முடித்தால் போதும். பாடங்களையும் ஓரளவு நாமே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் இந்தக் கதவு எல்லா இடத்திலும் சுலபமாகத் திறந்துவிடவில்லை. திறந்தநிலைப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவர்கள் நீட் எழுதலாமா என்ற விவகாரம் பல வருஷம் கோர்ட்டில் கிடந்து 2024-ல்தான் முடிவுக்கு வந்தது.

வழி இருந்தும் வாசலில் நிறுத்தப்பட்ட கதைக்கு நல்ல உதாரணம் மும்பையைச் சேர்ந்த மாளவிகா ராஜ் ஜோஷி. பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பெண். ஏழாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். முடிவெடுத்தது அம்மா. அவர் புற்றுநோயாளிகளுக்கு உதவும் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அங்கே எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகள் புற்றுநோயோடு வந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு, தன் பிள்ளைகள் மார்க்கை விடச் சந்தோஷமாக இருப்பதுதான் முக்கியம் என்று தோன்றிவிட்டது. வேலையை விட்டார். வீட்டிலேயே பாடத்திட்டம் போட்டார். இன்ஜினியரான அப்பாவுக்கு முதலில் தயக்கம்தான். சில வருஷம் அந்தப் பெண் என்னென்னமோ படித்துப் பார்த்தது. அதில் கம்ப்யூட்டர் புரோகிராமிங் பிடித்துக்கொண்டது. மற்றதை எல்லாம் ஓரம் கட்டிவிட்டு அதிலேயே முழுகிவிட்டது. சர்வதேச இன்பர்மேட்டிக்ஸ் ஒலிம்பியாடில் இந்தியாவுக்காக மூன்று பதக்கங்கள். ரெண்டு வெள்ளி, ஒரு வெண்கலம்.

இவ்வளவு இருந்தும் ஐ.ஐ.டி.யில் இடம் இல்லை. பிளஸ் டூ சர்ட்டிபிகேட் இல்லையே! அப்போது கதவைத் திறந்தது நம் தமிழ்நாட்டில், சிறுசேரியில் இருக்கிற சென்னை கணிதவியல் நிறுவனம். பிள்ளைக்கு இருக்கிற அறிவு பி.எஸ்சி. முடித்தவர் அளவுக்கு இருக்கிறது என்று பார்த்து, நேராக எம்.எஸ்சி. அளவிலான வகுப்பில் உட்கார வைத்தார்கள். 2016-ல், 17 வயதில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஸ்காலர்ஷிப்போடு கூப்பிட்டுக்கொண்டது. ஒருத்தர் பேப்பரைப் பார்த்தார், இன்னொருத்தர் பெண்ணைப் பார்த்தார். ஐ.ஐ.டி.யைத் திட்டுவதற்கு இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். லட்சக்கணக்கான பேர் விண்ணப்பிக்கும் இடத்தில் ஒவ்வொருத்தரையும் உட்கார வைத்துப் பேசிப் பார்க்க முடியாது. சர்ட்டிபிகேட் என்பது முன்பின் தெரியாதவர் நம்மை நம்புவதற்கான ஏற்பாடு, கிட்டத்தட்ட ஆடிட்டர் கையெழுத்து மாதிரி. அது இல்லாதவர் ஒவ்வொரு வாசலிலும் மறுபடி மறுபடி தன்னை நிரூபிக்கணும். வீட்டுக்கல்வியின் நிஜமான செலவில் இதுவும் ஒன்று.

இப்போது ஜி.டி.நாயுடுவுக்கு வருவோம். 1893 மார்ச் 23-ல் சூலூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். வாத்தியார் மேல் மண்ணை வாரி இறைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்தை விட்டவர் என்று கோயமுத்தூரில் இன்றைக்கும் சொல்வார்கள். தோட்டத்து வேலையும் கையில் கிடைத்த புத்தகமும்தான் அவருடைய பள்ளிக்கூடம். ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்தார். மாடு இழுக்காமல், ஆள் மிதிக்காமல் ஒரு வண்டி ஓடுகிறது! கோயமுத்தூருக்கு வந்து ஒரு ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அந்த மோட்டார் சைக்கிளையே 300 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கியவர் அதில் ஊர் சுற்றவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டு, மறுபடி மாட்டினார். அதுதான் அவருக்கு டிகிரி. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரு பஸ் விட்டார். அது யு.எம்.எஸ். என்ற பெரிய கம்பெனியாக வளர்ந்தது. 1937-ல் இந்தியாவிலேயே செய்த மின்மோட்டார் வெளியானதிலும் அவருக்குப் பங்கு உண்டு. இன்றைக்குக் கோயமுத்தூரில் சந்துக்குச் சந்து மோட்டார் பம்ப் பட்டறை இருப்பதற்கு அங்கேதான் ஆரம்பம்.

பள்ளியை வெறுத்தவர் பள்ளி கட்டினார் என்பதுதான் சுவாரஸ்யம். 1945-ல் கோயமுத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி வரக் காரணமாக இருந்தவர் அவர். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி, அதாவது ஜி.சி.டி., அதிலிருந்து வந்ததுதான். இன்ஜினியரிங் படிக்க நாலு வருஷம் எதுக்கு, ரெண்டு வருஷம் போதும் என்பது அவர் வாதம். அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. விலகிவிட்டார்.

கதை இங்கேயே முடிந்தால் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் நாயுடுவுக்கு நெருங்கிய நண்பர் ஒருத்தர் இருந்தார். ஈரோட்டுக்காரர். அவரும் சில வருஷம் மட்டுமே பள்ளிக்கூடம் போய்விட்டு அப்பாவின் மண்டிக் கடையில் உட்கார்ந்தவர். பெரியார்.

1953-ல் சென்னை மாகாண முதலமைச்சர் ராஜாஜி ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் வகுப்பு. மீதி நேரம் வீட்டில் அப்பா அம்மாவிடம் அவர்கள் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம். பள்ளிக்கட்டடம் பத்தாது, வாத்தியார் பத்தாது, ரெண்டு ஷிப்ட் வைத்தால் அதே இடத்தில் ரெண்டு மடங்கு பிள்ளைகள் படிக்கலாம் என்பது அவர் தரப்பு நியாயம். பேப்பரில் பார்த்தால் இன்றைய வீட்டுக்கல்விக்காரர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். பாதி நாள் புத்தகம், பாதி நாள் வாழ்க்கை.

ஆனால் ஊர் அதை எப்படிப் படித்தது? செருப்புத் தைப்பவர் பிள்ளை செருப்புத் தைக்கவே கற்றுக்கொள்ளும். துணி வெளுப்பவர் பிள்ளை துணி வெளுக்கவே கற்றுக்கொள்ளும். எதிர்த்தவர்கள் அதற்குக் 'குலக்கல்வி' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரே திட்டத்தின் கதையை முடித்துவிட்டது. பெரியார் மாகாணம் முழுக்கப் போராட்டம் நடத்தினார். 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். அந்த ஏப்ரலில் காமராஜர் வந்தார், மே 18-ல் திட்டம் கைவிடப்பட்டது. சட்டமன்றத்தில் அதை அறிவித்த அமைச்சர் பொள்ளாச்சிப் பக்கத்து சி.சுப்பிரமணியம். கொண்டுவந்தவர் சேலத்தில் வக்கீலாக இருந்தவர், எதிர்த்தவர் ஈரோடு, கைவிட்டவர் பொள்ளாச்சி. இந்தச் சண்டையில் கொங்கு நாட்டின் பங்கு கொஞ்சநஞ்சமல்ல!

யோசித்துப் பாருங்கள். நாயுடு, பெரியார், காமராஜர் மூன்று பேருமே பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள். ஒருத்தர் படிப்புக் காலத்தைக் குறை என்கிறார். ஒருத்தர் பள்ளிக்கூட நேரத்தில் ஒரு மணியைக்கூடக் குறைக்க விடமாட்டேன் என்கிறார். ஒருத்தர் 1956-ல் மதியச் சோறு போட்டாவது பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வா என்கிறார். முரண்பாடு மாதிரி தெரியும், ஆனால் அவர்கள் பேசியது வெவ்வேறு பிள்ளைகளைப் பற்றி. ஏற்கெனவே தெரிந்ததை மறுபடி உட்கார்ந்து கேட்கிற பிள்ளை ஒன்று. வீட்டில் இருந்தால் வேலைக்கு அனுப்பிவிடுவார்களே என்று பயப்படுகிற பிள்ளை இன்னொன்று.

கொங்கு நாட்டில் அந்த ரெண்டாவது பிள்ளையை எல்லாருக்கும் தெரியும். திருப்பூர் பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டிய கைகள், விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றிய கைகள், 'சுமங்கலி' என்று அழகான பெயர் வைத்துக் கல்யாணக் காசு தருகிறோம் என்று நூற்பாலைக்குக் கூட்டிப்போன வயசுப் பெண்கள். பள்ளி நாளில் ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால், அது தென்னங்கன்றுக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலும் அதற்கு வேறு அர்த்தம்தான் இருந்திருக்கிறது.

இதைக் கொரோனா நேராகவே காட்டிவிட்டது. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். ஒன்று முதல் எட்டு வரை உள்ள வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பரில். ஒன்றரை வருஷத்துக்கும் மேலே எல்லா வீடும் கட்டாய வீட்டுக்கல்வி! ஒரு வீட்டில் தனி அறை, லேப்டாப், பக்கத்தில் படித்த அம்மா. இன்னொரு வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பா லோடு ஏற்றப் போகும்போது கூடவே போய்விடும். கடைசியில் அரசாங்கமே 'இல்லம் தேடிக் கல்வி' என்று சாயங்காலம் தெருவுக்குத் தெரு தன்னார்வலர்களை அனுப்ப வேண்டியிருந்தது. வீடு என்பது எல்லாருக்கும் ஒரே மாதிரியான வகுப்பறை இல்லை.

அப்போ பள்ளிக்கூடம்தான் சரி, வீட்டுக்கல்வி பணக்காரர் விளையாட்டு என்று முடித்துவிடலாமா? அதுவும் முடியாது. பள்ளியை விட்டு ஓடுகிறவர்கள் சும்மா ஓடவில்லை. நாமக்கல், ராசிபுரம் பக்கத்து ஹாஸ்டல் பள்ளிகளுக்கு ஊரே வைத்த பேர் ஞாபகம் இருக்கிறதா? பிராய்லர் ஸ்கூல்! (கோழிக்கும் அதே ஊர்தான் பேர் போனது.) பிளஸ் ஒன் புத்தகத்தைப் பிரிக்காமலேயே ரெண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தை அரைத்த காலம் அது. அதைத் தடுக்கத்தான் 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். பிள்ளைகளுக்கு அதுவே பாரம் என்று 2025-26-ல் எடுத்தும் விட்டார்கள். மாநில ரேங்க் அறிவிக்கிற வழக்கம் 2017-லேயே நின்றது. நோய் இருந்ததை அரசாங்கமே ஒத்துக்கொண்டது என்றுதான் அர்த்தம்.

இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. வீட்டுக்கல்விக் குடும்பத்தில் டீச்சர் யார்? அம்மா. ஹெச்.எம்.? அம்மா. சத்துணவு ஆயா, பெல் அடிக்கும் பியூன்? எல்லாம் அம்மாதான். "எங்களுக்கு ஃபீஸே இல்லைங்க" என்று அப்பா பெருமையாகச் சொல்வார். காமர்ஸ் படிப்பவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். அம்மா வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளம், நின்றுபோன பிரமோஷன், பி.எஃப். எல்லாமே ஃபீஸ்தான். வாய்ப்புச் செலவு என்று பாடத்தில் வருமே, அது. ரசீது இல்லை என்பதால் செலவே இல்லை என்று ஆகிவிடாது. பேலன்ஸ் ஷீட்டில் ஏறாத அந்த உழைப்பு இல்லாமல் அந்தப் பள்ளிக்கூடம் ஒரு நாள்கூட ஓடாது.

அந்த அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது? அவர் பள்ளிக்கூடம் போனதால் தெரிந்தது. அவருக்குத் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுத்தது ஏதோ ஒரு ஊராட்சி ஒன்றியப் பள்ளியாக இருக்கலாம். அவருடைய அம்மா, குடும்பத்திலேயே முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன பெண்ணாக இருக்கலாம், மதியச் சோற்றுக்காகவே போனவராகவும் இருக்கலாம். ரெண்டு தலைமுறை பள்ளிக்கூடம் போனதால்தான் மூன்றாவது தலைமுறை பள்ளிக்கூடம் வேண்டாம் என்று சொல்ல முடிகிறது. வீட்டுக்கல்வி பள்ளிக்கூடத்துக்கு எதிரி மாதிரி பேசுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. அது பள்ளிக்கூடத்தின் தோளில் ஏறி நிற்கிற பிள்ளை.

அதனால் "எங்கே படிக்கிறது?" என்பது முதல் கேள்வி இல்லை. "வேண்டாம் என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு முடியுமா?" என்பதுதான் முதல் கேள்வி. வீட்டில் படிக்கிற பிள்ளை, "எனக்குக் கூட்டாளிங்க வேணும், ஸ்கூலுக்குப் போறேன்" என்றால் அம்மா அப்பா சேர்த்துவிடுவார்களா? ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளை, "என்னால முடியலீங்க" என்று போனில் அழுதால் வீட்டுக்குக் கூட்டி வருவார்களா? ரெண்டுக்கும் ஆமாம் என்று சொல்கிற குடும்பத்தில் பிள்ளை எங்கே படித்தாலும் தேறிவிடும்.

ஏதாவது ஒரு விசேஷ வீட்டில் ஒரு பொடுசு "வீட்லயே படிக்கறேனுங்க" என்று சொன்னால், பாவமாகவும் பார்க்க வேண்டாம், நாயுடு மாதிரி வருவான் என்று ஏற்றிவிடவும் வேண்டாம். "இப்ப என்ன கண்ணு படிச்சிட்டிருக்கே?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது, சொல்லும்போது முகம் எப்படி இருக்கிறது என்பதில் பாதி தெரிந்துவிடும். யூனிபார்ம் போட்ட பிள்ளையிடமும் இதே கேள்வியை ஒரு தடவை கேட்கலாம்.